நோயாளர் கட்டிலருகே ஓர் ஆசான்

ஜூலை மாதம் 14ஆம் நாள் திருச்சபை புனித கமில்லஸ் தெ லெல்லிசின் விழாவைக் கொண்டாடுகின்றது. தாதியரின் பாதுகாவலர் என்று அவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் அவர் நோயாளரைப் பராமரிக்கும் முறையைப் பிறருக்குக் கற்பித்த ஆசானும் ஆவார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தாதியருக்கென்று பயிற்சிப் பாடசாலை எதுவும் இல்லாத அக்காலத்தில், நோயாளர் விடுதியையே வகுப்பறையாகக் கொண்டு கற்பித்தவர் அவர். அவ்வாறு கற்பிக்க அவரிடம் இருந்த தகைமை யாதென்று கேட்பீர்களாயின், காலில் ஆறாதிருந்த ஒரு புண் என்றே சொல்ல வேண்டும்.

இத்தாலி நாட்டின் அப்ருச்சோ பகுதியிலுள்ள புக்கியானிக்கோ என்னும் ஊரில், 1550ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் கமில்லஸ் பிறந்தார். தந்தை ஒரு போர்வீரர். தாய் கமில்லா, வயது முதிர்ந்த காலத்தில் இம்மகனைப் பெற்றெடுத்தவர். மகன் இளம் பருவத்தை எட்டு முன்னரே அவர் இறந்துபோனார். கமில்லஸ் மிக உயரமானவர். ஆறரை அடி இருந்தார் என்பர். உயரத்துக்கு ஏற்ற முன்கோபமும் இருந்தது. தந்தையைப் போலவே படையில் சேர்ந்தார். தந்தையைப் போலவே சூதாட்டத்துக்கும் அடிமையானார். அக்காலத்திலேதான் காலில் அந்தப் புண் உண்டாயிற்று. அது 46 ஆண்டுகள், அவர் கல்லறைக்குச் செல்லும்வரை, அவருடனேயே இருந்தது.

புண்ணுக்கு மருந்து தேடி 1571ஆம் ஆண்டு உரோமை நகரின் புனித யாக்கோபு வைத்தியசாலைக்கு வந்தார். தீராத நோயுற்றோருக்கான வைத்தியசாலை அது. சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு வேலையாளாகவும் இருந்தார். ஆனால் சூதாட்டமும் சண்டையும் அவரை விடவில்லை. சில மாதங்களில் நிர்வாகத்தினர் அவரை வெளியேற்றினர். மீண்டும் படைக்குச் சென்று துருக்கியருக்கு எதிராகப் போரிட்டார். 1574ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் வாளையும் துப்பாக்கியையும் இறுதியில் உடுத்திருந்த சட்டையையும் சூதில் இழந்து நின்றார்.

பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்த அவருக்கு, மன்பிரெதோனியா என்னும் ஊரில் கப்புச்சின் துறவிகள் கட்டட வேலை கொடுத்தனர். அத்துறவிகளின் அலுவலாகக் கழுதையோடு சான் ஜொவான்னி ரொத்தோந்தோவுக்குச் சென்றார். பின்னாளில் புனித பாத்ரே பியோ வாழ்ந்த ஊரும் அதுவே. அங்கு மடத்துத் தலைவர் பரிவோடு சொன்ன புத்திமதி அவர் உள்ளத்தில் தைத்தது. 1575ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், தேவ அன்னையின் சுத்திகரத் திருநாளன்று, திரும்பி வரும் வழியில் கற்பாறைகளின் நடுவே முழந்தாளிட்டு அழுதார். அன்றோடு பழைய வாழ்வு முடிந்தது. கப்புச்சின் சபையில் சேர முயன்றார். ஆனால் புண் மீண்டும் திறந்துகொண்டதால் அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். மறுபடியும் முயன்றார், மறுபடியும் அதுவே நடந்தது. அவர் போகக்கூடிய இடம் ஒன்றுதான் எஞ்சியிருந்தது: தம்மை முன்பு வெளியேற்றிய அதே வைத்தியசாலை.

இம்முறை அவர் முற்றிலும் வேறான மனிதராக இருந்தார். நிர்வாகத்தினர் அவரது உழைப்பைக் கண்டு, 1579ஆம் ஆண்டளவில் வைத்தியசாலையின் மேற்பார்வையாளராக நியமித்தனர். அக்கால விடுதிகளின் நிலையை நீங்கள் சற்றே கற்பனை செய்து பாருங்கள். நோயாளரைக் கவனித்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். தண்டனையாக அவ்வேலைக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். எழுந்திருக்க முடியாத நோயாளி தண்ணீர் கேட்டு இரவு முழுவதும் கிடப்பதுண்டு. கமில்லஸ் கட்டளையிட்டார், கண்டித்தார், எதிர்பாராத வேளைகளில் விடுதிகளைச் சுற்றி வந்தார். ஆயினும் அவர் தலை மறைந்ததும் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பின. கண்காணிப்பினால் ஒருவனைக் கட்டிலருகே நிறுத்தலாம். ஆனால் அவனுக்கு அக்கறை உண்டாக்க முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

1582ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளை அண்மித்த ஓர் இரவில், விடுதியில் விழித்திருந்த வேளையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கூலிக்காக அல்லாமல் இறைவன்மேல் கொண்ட அன்பினால் நோயாளருக்குப் பணிபுரியும் ஆண்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதே அது. வைத்தியசாலை ஊழியர்களுள் ஐவர் இணைந்தனர். அவர்கள் ஒரு சிற்றறையில் பாடுபட்ட சுரூபத்தின் முன் கூடிச் செபிப்பார்கள். வைத்தியசாலையைக் கைப்பற்ற இவர்கள் திட்டமிடுகின்றார்கள் என்று ஐயுற்ற நிர்வாகத்தினர் அச்செபக்கூடத்தைக் கலைத்தனர். மனம் உடைந்த கமில்லசுக்குச் சிலுவையில் தொங்கிய ஆண்டவரே கைகளை நீட்டி, இது தமது வேலை என்று ஆறுதல் அளித்ததாகச் சபையின் மரபு கூறுகின்றது.

அவருடைய ஆன்ம குருவான புனித பிலிப்பு நேரியும் அவர் அந்த வைத்தியசாலையை விட்டு வெளியேறுவதை விரும்பவில்லை. புனிதர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு வருவதுண்டு! கமில்லசோ தம் வழியில் சென்றார். முப்பது வயதைத் தாண்டிய அந்த நெடிய மனிதர் சிறுவர்களோடு வாங்கில் அமர்ந்து இலத்தீன் படித்தார். 1584ஆம் ஆண்டு குருவானவராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நாடுகடந்து உரோமையில் வாழ்ந்த ஆங்கிலேய ஆயர் தோமஸ் கோல்ட்வெல் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். பின்னர் அச்சிறு குழு பரிசுத்த ஆவி என்னும் பெரிய வைத்தியசாலையில் நாள்தோறும் பணிபுரியத் தொடங்கியது.

அவ்வைத்தியசாலையின் நீண்ட விடுதிகளில் கமில்லஸ் எவ்வாறு கற்பித்தார்? முதலில், தாமே செய்து காட்டினார். படுக்கையை விரிப்பது, அழுக்கடைந்த துணியை மாற்றுவது, உண்ண முடியாதவருக்குச் சிறிது சிறிதாக ஊட்டுவது, குளிர்ந்த பாதங்களைச் சூடாக்குவது ஆகிய ஒவ்வொன்றையும் புதியவர்கள் அவர் கைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டனர். விரைவாக வேலையை முடித்தாலும் முரட்டுத்தனமாக நோயாளியைத் தொடுபவரைக் கண்டால், அந்தக் கைகளில் இன்னும் சிறிது இதயத்தை வைக்கும்படி சொல்வார். தம் தோழருக்கென அவர் எழுதிய விதிகளில், ஒவ்வொருவரும் நோயாளர்மேல் ஒரு தாயின் அன்பைத் தமக்குத் தரும்படி ஆண்டவரை மன்றாட வேண்டும் என்றும், தன் ஒரே பிள்ளை நோயுற்றிருக்கையில் தாய் எவ்வாறு கவனிப்பாளோ அவ்வாறு கவனிக்க வேண்டும் என்றும், கடுஞ்சொல் கூறலாகாது என்றும் எழுதி வைத்தார். தாயை இளமையிலேயே இழந்தவர், அத்தாயன்பையே பாடத்தின் அளவுகோலாக வைத்தார்.

வெறும் உணர்ச்சியோடு அவர் நின்றுவிடவில்லை. விடுதிகளில் காற்றோட்டம் வேண்டும் என்றார். நோய்க்கேற்ற உணவு கொடுக்கச் செய்தார். தொற்றுநோயாளரை வேறாக வைக்கச் செய்தார். இறந்துவிட்டார்கள் என்று எண்ணி, உயிர் முற்றாகப் பிரியாதவர்களையும் அவசரமாக அடக்கத்துக்குக் கொண்டுசெல்லும் கொடுமையை அவர் அறிந்திருந்தார். எனவே மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் கால் மணி நேரம் கட்டிலருகே நின்று செபிக்க வேண்டும் எனவும், முகத்தை உடனே மூடிவிடக் கூடாது எனவும் தம் தோழருக்குப் பணித்தார். இந்த ஒரே விதியில் பக்தியும் மருத்துவ அறிவும் எவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

ஒருமுறை அவர் ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த வேளையில், வைத்தியசாலையின் பொறுப்பாளரான பெரிய அதிகாரி அவரை அழைத்து வரும்படி ஆள் அனுப்பினார். தாம் இப்போது ஆண்டவர் யேசுவோடு அலுவலாக இருப்பதாகவும், முடிந்ததும் வருவதாகவும் கமில்லஸ் பதில் அனுப்பினார். அருகில் நின்ற இளையோருக்கு அதுவும் ஒரு பாடமாக இருந்திருக்கும்.

1586ஆம் ஆண்டு பாப்பரசர் 5ஆம் சிக்ஸ்துஸ் இக்குழுவை அங்கீகரித்து, உடையில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதித்தார். 1591ஆம் ஆண்டு பாப்பரசர் 14ஆம் கிரகோரியார் அதனைத் துறவற சபையாக உயர்த்தினார். ஏனைய மூன்று வார்த்தைப்பாடுகளோடு, உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளருக்குப் பணிபுரிவோம் என்னும் நான்காவது வார்த்தைப்பாட்டையும் அவர்கள் கொடுத்தனர். அதன் பொருள் என்னவென்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1589ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் துறைமுகத்தில், கொள்ளைநோய் கண்டவர்களோடு வந்த கப்பல்களைக் கரைக்கு விடாதபோது, சபையினர் அவற்றில் ஏறிப் பணிபுரிந்தனர். இருவர் அந்நோயாலேயே இறந்தனர்.

கமில்லசுக்கு மிகுந்த வேதனை தந்த போராட்டம் சபைக்குள்ளேயே எழுந்தது. குருக்கள் நோயாளருக்கு அருளடையாளங்களை வழங்கினால் போதும், படுக்கை விரிப்பதும் அழுக்குத் துணி மாற்றுவதும் வேறு ஆட்களின் வேலை என்று பலர் கருதினர். கமில்லஸ் அதனை ஏற்கவில்லை. ஆன்மாவுக்குப் பணிபுரியும் கையே உடலுக்கும் பணிபுரிய வேண்டும், அதுவும் இரவு பகலாக விடுதியிலேயே தங்கியிருந்து செய்ய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1594ஆம் ஆண்டு மிலான் நகரின் பெரிய வைத்தியசாலையின் முழுப் பராமரிப்பையும் அவர் ஏற்றுக்கொண்டபோது எதிர்ப்பு வலுத்தது. எதிர்த்தவர்களிடம் நியாயம் இல்லாமலும் இல்லை. சபைக்குக் கடன் பெருகியிருந்தது, இளம் துறவிகள் தொற்றுக்கு இரையாகி வந்தனர். 1600ஆம் ஆண்டின் இறுதியில் பாப்பரசர் 8ஆம் கிளமெந்து, இரு தரப்பும் ஏற்கத்தக்க ஓர் ஒழுங்கை வகுத்துக் கொடுத்தார். கமில்லஸ் விரும்பியது முழுமையாகக் கிட்டவில்லை, அவர் கீழ்ப்படிந்தார்.

1598ஆம் ஆண்டு நத்தார் நாட்களில் தீபர் ஆறு பெருக்கெடுத்துப் பரிசுத்த ஆவி வைத்தியசாலைக்குள் வெள்ளம் புகுந்தது. நாற்பத்தெட்டு வயதான கமில்லஸ், புண்பட்ட காலோடு தண்ணீரில் இறங்கி, நோயாளரை மேல்மாடிக்குத் தூக்கிச் சென்றார். தோழர்களும் அவரைப் பின்தொடர்ந்தனர்.

1607ஆம் ஆண்டு சபைத் தலைவர் பொறுப்பைத் துறந்தார். கால் புண்ணோடு வேறு நோய்களும் சேர்ந்து அவரை வாட்டின. தமக்கென்று எவரும் காத்திருப்பதை அவர் விரும்பவில்லை. வறிய நோயாளரிடம் போகும்படி அனுப்பிவிடுவார். நிற்க முடியாத நாட்களில், இரவில் தம் படுக்கையை விட்டுத் தவழ்ந்து, கட்டில் கட்டிலாகச் சென்று எவருக்கேனும் எதுவும் தேவையா என்று பார்ப்பார்.

1614ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் உரோமையில் அவர் இறந்தார். 1746ஆம் ஆண்டு பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். 1886ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் நோயாளருக்கும் வைத்தியசாலைகளுக்கும், 1930ஆம் ஆண்டு பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தாதியருக்கும், இறைவனின் புனித அருளப்பரோடு சேர்த்து அவரைப் பாதுகாவலராக்கினர். உரோமையிலுள்ள புனித மதலேன் மரியாள் ஆலயத்தில் அவரது திருவுடல் வைக்கப்பட்டுள்ளது. கலைக்கப்பட்ட அந்தச் செபக்கூடத்தில் அவருக்கு ஆறுதல் தந்த பாடுபட்ட சுரூபமும் அதே ஆலயத்தில் இருக்கின்றது.