உப்பு தண்ணீரில் கரைந்தால் என்ன ஆகிறது? ‘பார்டர் பாஸ்’ ஆய்வேட்டை வைத்தே நோபல் வாங்கிய அர்ஹீனியஸ்

சர்க்கரை கரைத்த தண்ணீரில் மின்சாரம் பாயாது என்றே சொல்லலாம். உப்பு கரைத்த தண்ணீரில் நன்றாகப் பாயும். இதில் வேடிக்கை என்னவென்றால், காய்ந்த உப்பிலும் மின்சாரம் பாயாது, சுத்தமான தண்ணீரிலும் பெரிதாகப் பாயாது. இரண்டையும் கலந்தால் மட்டும் எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், வேலை கிடைக்குமா என்ற நிலைக்கு வந்துவிட்டவர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ். பள்ளியில் அமிலம், காரம் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோவோமே, அதே அர்ஹீனியஸ்தான்.

ஸ்வீடனில் உப்சாலா நகருக்கு அருகே, 1859 பிப்ரவரி 19-ல் பிறந்தார். அப்பா நில அளவையாளர். மூன்று வயதிலேயே தானாக வாசிக்கக் கற்றுக்கொண்ட பையன், 1876-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்த ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குக் கிளம்பி, அறிவியல் அகாடமியில் எட்லுண்ட் என்ற இயற்பியலாளரிடம் சேர்ந்தார். வேலை கேட்கச் சலிப்பாக இருக்கும்: உப்புக் கரைசல்களை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளப்பது.

அளவுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. கரைசல் நீர்க்க நீர்க்க, இருக்கிற உப்பு இன்னும் திறமையாக மின்சாரத்தைக் கடத்தியது. கரைந்த பொருளில் ஒரு பகுதிதான் ‘வேலை செய்கிறது’, தண்ணீர் கூடக் கூட அந்தப் பகுதியும் கூடுகிறது என்று முடிவுக்கு வந்தார். இதை வைத்து 1884-ல் சுமார் 150 பக்க ஆய்வேட்டை உப்சாலாவில் சமர்ப்பித்தார். கிடைத்தது நான்காம் வகுப்பு. வாய்மொழித் தேர்வில் சமாளித்ததற்கு மூன்றாம் வகுப்பு. நம்ம பாஷையில் பார்டர் பாஸ். பல்கலைக்கழக வேலையை இந்தத் தரத்தை வைத்துக் கனவில்கூட நினைக்க முடியாது.

ஏன் நம்பவில்லை?

உப்சாலாவின் வேதியியல் பேராசிரியர் கிளீவ் சாதாரண ஆள் இல்லை. ஹோல்மியம், தூலியம் என இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். அந்தக் காலத்து வேதியியலாளர்களின் சந்தேகமும் நியாயமானதுதான். உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு தீப்பிடிக்கும். குளோரின் நச்சு வாயு. இரண்டும் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கின்றன என்றால், அந்தத் தண்ணீரை எப்படிக் குடிக்க முடிகிறது?

இன்றைக்குப் பதில் சுலபம். சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். நேர்மின்னும் எதிர்மின்னும் சமம், ஆகவே அணு நடுநிலை. அதன் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கிறது. அது போய்விட்டால் 11 புரோட்டானுக்கு 10 எலக்ட்ரான். அணு நேர்மின் அயனி ஆகிவிடும். குளோரினில் 17-க்கு 17. வெளிக்கூடு நிரம்ப ஒரு எலக்ட்ரான் குறைகிறது. அது கிடைத்ததும் 18, எதிர்மின் அயனி. புரோட்டான் எண்ணிக்கை மாறவே இல்லை, மாறியது எலக்ட்ரான் மட்டும்தான். ஆனால் அந்த ஒரு எலக்ட்ரானில் குணமே மாறிவிடுகிறது. சீறுவது சோடியம் அணு. உப்புத் தண்ணீரில் இருப்பது சோடியம் அயனி. இரண்டும் ஒன்றல்ல.

பிரச்சினை என்னவென்றால், 1884-ல் எலக்ட்ரான் என்ற ஒன்றே யாருக்கும் தெரியாது. தாம்சன் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். அயனி என்ற பெயர் மட்டும் 1834-லேயே ஃபாரடே வைத்தது. ஆனால் மின்சாரம் செலுத்தினால்தான் மூலக்கூறு பிரியும் என்றே பெரும்பாலானோர் நம்பினார்கள்.

அர்ஹீனியஸ் சும்மா உட்காரவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ரிகாவில் இருந்த ஆஸ்ட்வால்ட், படித்துவிட்டு அதே ஆண்டு அவரைப் பார்க்க உப்சாலாவுக்கே வந்துவிட்டார், கையில் வேலை வாய்ப்போடு. அப்பா நோயில் கிடந்ததால் அர்ஹீனியஸ் போகவில்லை. ஆனால் வெளியூர்க்காரர் தேடி வந்த பிறகு உள்ளூரிலும் காற்று மாறியது. உப்சாலாவிலேயே விரிவுரையாளர் பதவி கிடைத்தது.

அடுத்த திருப்பம் ஆம்ஸ்டர்டாமில் இருந்து வந்தது. தண்ணீரில் எதையாவது கரைத்தால் அதன் உறைநிலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வாண்ட் ஹாஃபின் கணக்கு சர்க்கரைக்குச் சரியாக வந்தது. உப்புக்கோ, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறங்கியது. ஒரு உப்பு இரண்டு துகளாக நடந்துகொள்கிறது! அர்ஹீனியஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மின்சாரம் செலுத்துவதற்கு முன்பே, கரைந்தவுடனேயே உப்பு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று 1887-ல் வெளிப்படையாக எழுதினார். மின்கடத்துத்திறன், உறைநிலை என இரண்டு வெவ்வேறு வழிகளில் போட்ட கணக்கும் நெருங்கி வந்தது.

1903-ல் இதே வேலைக்காக வேதியியல் நோபல். இந்தப் பரிசு வாங்கிய முதல் ஸ்வீடன்காரர் அவர்தான். அப்போது வேதியியல் நோபல் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே கிளீவ்!

இதோடு கதையை முடித்தால் நல்ல சினிமா. ஆனால் அதிகாரம் கைக்கு வந்த பிறகு அர்ஹீனியஸும் அப்படியொன்றும் பெருந்தன்மைக்காரராக இருக்கவில்லை. தனிம வரிசை அட்டவணை தந்த மெண்டலீவ், அயனிப் பிரிகைக் கொள்கையை விமர்சித்தவர். 1906-ல் குழு மெண்டலீவின் பெயரைப் பரிந்துரைத்தபோது, அட்டவணை பழைய கண்டுபிடிப்பு என்று எதிர்த்து நின்றவர்களில் அர்ஹீனியஸ் முக்கியமானவர். பரிசு வேறொருவருக்குப் போனது. மெண்டலீவ் 1907 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

கொள்கையிலும் ஓட்டை இருந்தது. தண்ணீர்தான் உப்பு மூலக்கூறுகளைப் பிரிக்கிறது, அதுவும் ஒரு பகுதியைத்தான் என்று அர்ஹீனியஸ் நினைத்தார். 1913-ல் பிராக் குடும்பத்து அப்பாவும் மகனும் எக்ஸ் கதிரால் படிகங்களைப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. காய்ந்த உப்புக்குள் தனி மூலக்கூறே இல்லை. அது ஏற்கெனவே அடுக்கி வைத்த அயனிகள்தான். நகர இடமில்லாததால் மின்சாரம் பாயவில்லை. தண்ணீர் அவற்றை அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவே. அடர்த்தியான கரைசல்களில் அர்ஹீனியஸின் கணக்கு ஏன் உதைத்தது என்பதை டிபை, ஹக்கல் இருவரும் 1923-ல் விளக்கினார்கள்: நேர், எதிர் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதுதான் காரணம்.

அப்போது அர்ஹீனியஸுக்கு 64 வயது. 1927 அக்டோபர் 2-ல் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது உப்சாலாவில்.