முன்சீப் வேதநாயகம் பிள்ளை

நீதிமன்றம் ஏழைக்கும் புகலிடமாதல் வேண்டுமாயின், அங்கு வழங்கப்படும் நீதி அவனுக்கு விளங்கும் மொழியில் அமைதல் வேண்டும். இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணர்ந்து செயற்பட்ட பெருந்தகை மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை ஆவார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11ஆம் நாள் பிறந்த இவர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தியாகப் பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, பின்னர் மாவட்ட முன்சீப் ஆனார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் பணியாற்றியபின், இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்தில் 13 ஆண்டுகள் நீதி வழங்கினார்.

அக்காலத்தில் சென்னைச் சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. தம் வழக்கை ஒத்த வழக்கில் முன்னர் என்ன தீர்ப்பாயிற்று என்பதை ஆங்கிலம் அறியாதார் அறிந்துகொள்ள வழியில்லை. இக்குறையைப் போக்க, 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1859இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலி வாங்கும் இழிவைக் கடிந்து பாடியிருந்தார். தாம் பதவியிலிருந்த துறையின் நோயையே அவர் மறைக்காது உரைத்தார் என்பது எண்ணத்தக்கது.

1872இல் பணி ஓய்வு பெற்றார். தொண்டு ஓய்வு பெறவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவ்வள்ளன்மையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடினார். மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் ஊர்ப்பணி ஆற்றினார். பெண்கல்வியை வலியுறுத்திப் பெண்மதிமாலை இயற்றினார். கிறித்தவராயினும், எல்லாச் சமயத்தாரும் ஒன்றாக இருந்து பாடத்தக்க சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை 1878இல் அளித்தார்.

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. தமிழ் வழங்கும் நாட்டில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடும் முறையை அக்கதையிலும் அவர் கண்டித்தார். 1889 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாதல் வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது. சித்தாந்த சங்கிரகம் அச்சேறி அப்போது 144 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆணையோ ஆதரவோ வரட்டும் எனக் காத்திராது, தம் மேசையில் இருந்த தீர்ப்புகளைத் தாமே தமிழாக்கத் தொடங்கிய அம்முன்சீப்பின் வாழ்வு, சட்டமும் தமிழும் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் பின்பற்றத்தக்க நெறியாகும்.