கொறடாவுக்கு எட்டாத ஆசனம்

சட்டசபைகளில் கட்சிக் கொறடா என்றொரு பதவி உண்டு. கொறடா என்றால் சாட்டை. வாக்கெடுப்பு மணி அடித்ததும் தம் கட்சி அங்கத்தினர்களைத் தேடிப்பிடித்துச் சபைக்குள் சேர்த்து, கட்சியின் முடிவுப்படி வாக்களிக்கச் செய்வது அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் மந்திரிசபைகள் நிலைக்கமாட்டா, எதிர்க்கட்சிகளும் சிதறிப்போகும். ஆனால் அந்தச் சாட்டை எட்டாத ஓர் ஆசனமும் சபையில் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அதுவே சபாநாயகர் ஆசனம். அதற்கு நம் நாட்டில் வழி வகுத்தவர் விட்டல்பாய் பட்டேல்.

புதுடில்லி ரபி மார்க்கில் அவர் பெயர் தாங்கிய மாளிகையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆயினும் சர்தார் வல்லபபாயின் தமையனார் என்பதற்குமேல் அவரைப் பற்றி அறிந்தவர் சிலரே.

குஜராத்தில் பிறந்து, இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் அவர். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ், மோதிலால் நேரு ஆகியோருடன் சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைத் தோற்றுவித்தார். சட்டசபைக்குள் புகுந்தே அந்நிய ஆட்சியை எதிர்ப்பது அக்கட்சியின் நோக்கம். அணி குலைந்தால் அந்த நோக்கம் பலிக்குமா? ஆகவே கட்டுப்பாடே அதன் உயிர்நாடி.

1925 ஆகஸ்டில் மத்திய சட்டசபை முதன்முறையாகத் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்தது. விட்டல்பாயை எதிர்த்து நின்றவர் சென்னை திவான்பகதூர் டி. ரங்காச்சாரியார். விட்டல்பாய்க்கு 58 வாக்கு; ரங்காச்சாரியாருக்கு 56. கட்சியின் பலத்தால் கிடைத்த வெற்றிதான். அப்படியிருந்தும், ஆசனம் ஏறியவுடன் கட்சித் தொடர்பை அவர் அறுத்துக்கொண்டார். 1926 மார்ச்சில் மோதிலால் நேரு தம் கட்சியாருடன் வெளிநடப்புச் செய்தபோது, இவர் அவர்களோடு போகவில்லை. 1927-ல் சபை அவரை ஏகமனதாக மீண்டும் தேர்ந்தெடுத்தது.

பெரும் சோதனை 1928 செப்டம்பரில் வந்தது. வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடுகடத்த அரசாங்கம் பொதுப் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. இருபுறமும் ஆள் திரட்டியும் வாக்குகள் 61-க்கு 61 எனச் சமமாக நின்றன. தலைவரின் ஒரு வாக்கு மசோதாவுக்கு எதிராக விழுந்தது. இத்தகைய சட்டம் கேட்பவர்கள் அதற்குரிய பெரும்பான்மையைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். பழைய கட்சிப் பாசமே அது என்று ஐயுறுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. சபை முடிவு செய்யாததைத் தலைவர் தம் வாக்கால் சட்டமாக்கக்கூடாது என்பது எக்கட்சிக்கும் பொருந்தும் நெறியல்லவா?

1929 ஏப்ரலில் அம்மசோதா மறுபடியும் வந்தது. மீரத் சதி வழக்கு நீதிமன்றத்தில் இருக்கையில் அதை விவாதிக்க முடியாதென்று அவர் தடுத்தார். சபைக்கென்று அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத தனி அலுவலகமும் அவர் முயற்சியால் அதே ஆண்டு அமைந்தது.

உப்பு சத்தியாக்கிரகம் மூண்டதும் நடுநிலை ஆசனத்தில் இருக்க அவர் மனம் இடம் தரவில்லை. 1930 ஏப்ரலில் முதலில் ராஜினாமாச் செய்தார். பிறகே போராட்டத்தில் குதித்துச் சிறை புகுந்தார். அந்த வரிசையில்தான் அவர் பெருமை இருக்கிறது. 1933 அக்டோபர் 22 அன்று ஜினீவாவுக்கு அருகே உயிர் நீத்தார்.

1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவரைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், அவர் பதவி இழக்க நேரும். அதைத் தீர்மானிப்பவர் சபாநாயகர். அவர் தம் கட்சியிலிருந்து விலகிக்கொள்ள அச்சட்டம் அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. 1967-ல் சஞ்சீவ ரெட்டி விலகிக் காட்டினார். அவ்வழியில் நடந்தவர் மிகச் சிலர். சாட்டையை மீறியவனுக்குத் தீர்ப்புச் சொல்பவர் அதே சாட்டைக்கு அஞ்சுபவராக இருந்தால் நியாயம் எங்கிருந்து பிறக்கும்? எந்தச் சட்டமும் சொல்லாதபோதே விட்டல்பாய் விலகினார். அனுமதி இருந்தும் விலகாதவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம்.