பழைய வண்டியைப் பிரித்துப் பார்த்த ஜி.டி. நாயுடு

நான் இந்த இதழில் ஜி.டி. நாயுடு பற்றி எழுதுகிறேன்.

இவர் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்று விட்டது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அதைப் பார்த்ததும் இவருக்கு ஆசை வந்து விட்டது. கோயம்புத்தூர் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த அதிகாரியிடமே வண்டியை விலைக்கு வாங்கினார். அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, திரும்பவும் மாட்டினார். இன்ஜின் எப்படி ஓடுது என்று அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

இதைப் படித்தபோது எங்கள் தெரு அண்ணன் ஒருத்தர் ஞாபகம் வந்தது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றலாம் என்று கடன் வாங்கி ஒரு பழைய லாரி வாங்கினார். நாலே மாதத்தில் இன்ஜினில் டொக் டொக் என்று சத்தம். ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டார். கடைசியில் பேரிங் போய் இன்ஜின் பிடித்துக்கொண்டது. லாரி நின்றாலும் தவணை நிற்குமா?

பெரம்பலூரில் மெக்கானிக்காக இருக்கும் எங்கள் மாமாவிடம் காரணம் கேட்டேன். இன்ஜினுக்குள் கிராங்க் என்ற தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். அதைத் தாங்குவது பேரிங். ரெண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஆயில் நிற்கும். ஆயில் குறைந்தாலோ தூசி கலந்தாலோ பேரிங் உரசித் தேயும். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ஆபத்து இன்னும் அதிகமாம். வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்குக் கிடைக்காமல் போகலாம்.

எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் ஆயிலும் பில்டரும் மாற்றணும். அடிக்கடி ஆயில் அளவு பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணினதும் ஆக்சிலேட்டரை அழுத்தக் கூடாது. ஆயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தணும். பழைய ஆயிலில் மினுமினுப்பாகத் தூள் தெரிந்தாலும், தட்டுற சத்தம் கேட்டாலும் ஓட்டாமல் பிரித்துப் பார்க்கணும். முதலிலேயே பார்த்தால் பேரிங் செலவோடு போகும். விட்டால் கிராங்க்கும் போய்விடும்.

நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனி ஆனது. 1937-இல் இவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்தார்கள். 1945-இல் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார்.

எனக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்க ஆசை. பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஓட்டல் சர்வருக்கு இன்ஜின் எதுக்கு என்று நாயுடு நினைக்கவில்லையே! தோழிகளே, நம் வீட்டு மொபெட்டில் ஆயில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.


ஒன்பதாம் வகுப்பு மாணவி