எல்லையில் நின்ற மேய்ப்பர்: சாமுவேல் பிரிட்ஸ் அடிகளார்

ஓசூர் வட்டாரம் எல்லைப்புறம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கே ஒரே பீடத்தைச் சுற்றி நின்று செபிக்கின்றன. ஆகவே இந்த ஜூபிலி மலரில், வேறோர் எல்லையில் உழைத்த ஒரு குருவை நினைவுகூர விழைகிறோம்.

சாமுவேல் பிரிட்ஸ் அடிகளார் 1654-ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டிலுள்ள துருட்னோவ் நகரில் பிறந்தார். 1673-இல் இயேசு சபையில் சேர்ந்தார். நம் புனித அருளானந்தர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் அதே ஆண்டில்தான். 1686-இல் அருளானந்தர் மறவர் சீமையில் சித்திரவதைப்பட்டார். அதே ஆண்டில் பிரிட்ஸ் அமேசான் நதிக்கரையில் ஓமாகுவா மக்களிடையே மறைப்பணி தொடங்கினார். காடே நாடு, நதியே வீதி. ஊர் ஊராய் ஓடத்தில் சென்று ஏறக்குறைய 40 சிற்றூர்களில் போதித்தார்.

அந்நதியின் மேற்பகுதிக்கு இஸ்பானியரும், கீழ்ப்பகுதிக்குப் போர்த்துக்கீசியரும் உரிமை கொண்டாடினர். கீழிருந்து வந்தவர்கள் மக்களைப் பிடித்து அடிமைகளாக்கினர். இரு அரசுகளின் வழக்கில் நசுங்கியவர்கள் ஏழைகளே.

1689-இல் அடிகளார் கொடிய நோயில் விழுந்தார். வெள்ளம் ஊரைச் சூழ, மூன்று மாதம் பரண்மேல் கிடந்தார். பின்னர் மருத்துவம் தேடி, ஓடத்தில் நெடுந்தூரம் பயணம் செய்து, நதிமுகத்துவாரத்தின் அருகிலிருந்த துறைமுக நகரமான பெலேமை அடைந்தார். 1616-இல் போர்த்துக்கீசியர் நிறுவிய நகரம் அது. அங்கிருந்த இயேசு சபையினர் அவரை அன்புடன் பேணினர், உடல் தேறியது. ஆனால் ஆளுநரோ அவரை இஸ்பானிய ஒற்றர் எனச் சந்தேகித்து, சபை இல்லத்திலேயே ஓராண்டுக்கு மேல் தடுத்து வைத்தார். லிஸ்பனிலிருந்து அரச கட்டளை வந்த பிறகே, 1691-இல் தம் மக்களிடம் திரும்பினார்.

1692-இல் லீமா நகர் சென்று, மக்களைக் காக்குமாறு அரசப் பிரதிநிதியிடம் மன்றாடினார். வேண்டிய உதவி கிட்டவில்லை. அவர் கட்டியெழுப்பிய ஊர்கள் அவர் கண்முன்னே சிதைந்தன. ஆயினும் அவர் பணியை விட்டு ஓடவில்லை. 1704 முதல் அம்மறைப்பணித் தளங்களின் தலைவராயிருந்தார். மரத்தால் செய்த எளிய கருவிகொண்டு அளந்து அவர் வரைந்த அமேசான் வரைபடம் 1707-இல் கீட்டோ நகரில் அச்சேறியது. 1743-இல் அந்நதியில் பயணம் செய்த பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமீனும் அதைப் பயன்படுத்தினார். 1725 வாக்கில், பெரு நாட்டுக் காட்டிலுள்ள ஹெபெரோஸ் என்ற ஊரில் அடிகளார் இறையடி சேர்ந்தார்.

உலகம் இதைத் தோல்வி என்னலாம்; நாம் அவ்வாறு எண்ணவில்லை. நல்ல மேய்ப்பரின் அளவுகோல் பிரமாணிக்கமே. இன்று நம் தொழிற்பேட்டைகளுக்குப் பிழைப்புத் தேடி வரும் வடமாநிலத் தொழிலாளர் எத்தனையோ பேர்! மொழி தெரியாமல் கோவிலின் கடைசி வரிசையில் நிற்கும் அவர்களை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோமா? ஜூபிலி கொடியேற்றத்துக்கு முன்னர் இக்கேள்விக்கு நாம் விடை காண்போமாக.