பார்க்காத குருவுக்கு ஓர் இசைத்தட்டு

1955-ம் ஆண்டு, டிசம்பர் 21. கலிபோர்னியாவில் பிராங்க் ஜாப்பா என்ற சிறுவனுக்கு 15 வயது நிறைந்த நாள். பரிசுக்காக 5 டாலர் செலவழிக்கலாம் என்றார் தாயார். பையன் கேட்டது சட்டையல்ல, பொம்மையல்ல. நியூயார்க்குக்கு ஒரு டிரங்க் கால்!

எட்கார் வரேஸ் என்ற சங்கீத மேதையுடன் பேச அவனுக்கு ஆசை. பதின்மூன்று பேர் முரசும் மணியும் தட்ட, நடுவே அபாயச் சங்கு ஊளையிடும். அப்படிப்பட்ட இசை வரேஸுடையது. அந்த இசைத்தட்டைக் கூடத்தில் வைக்கக் கூடாது என்று பெற்றோர் தடுத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அன்று வரேஸ் ஊரில் இல்லை, மனைவிதான் பேசினார். 1957-ல் வரேஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆனால் இருவரும் சந்திக்கவே இல்லை. ஏகலைவனுக்காவது துரோணரின் பதுமை இருந்தது. ஜாப்பாவிடம் இருந்தது அந்தக் கடிதம்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு அதைக் காப்பாற்றினார்.

சங்கீத ஞானத்தைப் பெரும்பாலும் நூல் நிலையங்களிலும் இசைத்தட்டுகளிலுமே தேடிக்கொண்டார். கித்தார் பழகினார். ராக் கோஷ்டி ஒன்றுக்குத் தலைவரானார். 1965 நவம்பரில் வரேஸ் காலமானார். அடுத்த ஆண்டு ஜூனில் வெளிவந்தது ஜாப்பாவின் முதல் படைப்பு, 'பிரீக் அவுட்'. இரட்டை இசைத்தட்டு!

முதல் தட்டைக் கேட்பவர் ஏமாந்து போவார். பல பாடல்கள் சாதாரணக் காதல் பாட்டுப் போலவே இருக்கும். கூர்ந்து கேட்டால் அத்தனையும் கேலி. மூன்றாம் பக்கத்தில் கேலி மறைகிறது. 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை டெலிவிஷனில் பார்த்துக் கொதித்து எழுதிய பாட்டு அங்கே இருக்கிறது. நான்காம் பக்கம்தான் விசேஷம். 500 டாலருக்குத் தாள வாத்தியங்களை வாடகைக்கு எடுத்து, ஊர்க் கூட்டத்தையே ஒலிப்பதிவு அறைக்குள் அழைத்துத் தட்டவும் கத்தவும் விட்டார். சுமார் 12 நிமிஷம். அதன் மேல் இன்னும் இசை சேர்க்க எண்ணியிருந்தார். கம்பெனி அவகாசம் தரவில்லை. பாதி வேலையே தட்டில் ஏறியது. இருந்தும், முரசும் கூச்சலும் மோதும் அந்தப் பக்கத்தில் வரேஸைக் கேட்கலாம். உறையில் நன்றிக்குரியவர்கள் என்று 179 பெயர்கள். அவற்றில் அவர் பெயரும் உண்டு.

விற்பனை சுமார்தான். அமெரிக்கப் பட்டியலில் 130-வது இடம். ஜாப்பா சளைக்கவில்லை, அறுபதுக்கு மேற்பட்ட ஆல்பங்களை வெளியிட்டார்.

1993-ல் புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் ஜெர்மனியின் வாத்தியக் குழு ஒன்றைக் கொண்டு வரேஸின் இசையை ஒலிப்பதிவு செய்தார். டிசம்பர் 4-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 52. லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை.