தாயின் பெயரைச் சுமந்த மகள்

உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து யாருடையது? தகப்பனாருடையது என்பீர்கள். நம் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயருக்குப் பக்கத்திலேயே தாயின் பெயரும் எழுதியிருக்கிறது. வெளியே வந்து பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் கையெழுத்துப் போடும்போதோ, தாயின் பெயர் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. இதே மதுரைப் பட்டணத்தில் பிறந்த ஒரு பெண்மணி, தாயின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியைத்தான் சொல்லுகிறேன். 'எம்' என்றால் மதுரை. 'எஸ்' என்றால் சண்முகவடிவு. அவரைப் பெற்ற தாய்.

அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லவே, நம் தாளில் அவர் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தாய் தந்தையரைச் சங்கித்திருக்கச் சொல்லும் நான்காம் கற்பனையைச் சர்வேசுரன் நமக்கு மட்டுமா தந்தார்? சகல மனிதருடைய இருதயத்திலும் அதை எழுதி வைத்திருக்கிறார் என்றல்லவா ஞானோபதேசத்தில் படித்தோம்!

சுப்புலட்சுமி 1916-ம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி பிறந்தார். வீட்டில் அவரைக் குஞ்சம்மா என்று அழைப்பார்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்குச் சமீபத்தில் மேல அனுமந்தராயன் கோவில் தெருவில் அவர்கள் வீடு. பாட்டி அக்கம்மாள் பிடில் வாசிப்பவர். தாய் சண்முகவடிவு வீணை வித்துவான். தகப்பனார் வக்கீல், ஆனால் குடும்பத்தின் பாரம் முழுவதும் தாயின் தலையில்தான். அண்ணன் சக்திவேல் மிருதங்கமும், தங்கை வடிவாம்பாள் வீணையும் கற்றார்கள். அந்தச் சிறு வீட்டில் விடிந்தால் சங்கீதம், அடைந்தால் சங்கீதம்.

சண்முகவடிவு கண்டிப்பானவர். பிள்ளைகள் தெருவில் இறங்கி விளையாடுவது அபூர்வம். பள்ளிப் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆசிரியர் அடித்த அடி அதற்கு ஒரு காரணம். ஆனால் வீட்டுப் படிப்பு நிற்கவில்லை. அந்தப் படிப்பில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். தம்பூராவை மீட்டிக்கொண்டு சிறுமி பாடுவாள். நடுவில் மீட்டுவதை நிறுத்திவிட்டுத் தனியே பாடிக்கொண்டே போவாள். பிறகு தந்தியைத் தொட்டுப் பார்ப்பாள். சுருதி விட்ட இடத்திலேயே நிற்கிறதா, இம்மியளவு நழுவியதா என்று தனக்குத் தானே பரீட்சை! பிற்காலத்தில் அவருடைய சுருதி சுத்தத்தைப் பெரிய வித்துவான்களெல்லாம் வியந்தார்கள். அதன் வேர் இந்த விளையாட்டில் இருக்கிறது.

ஒரு நாள் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தாயின் வீணைக் கச்சேரி. (1904-ல் பாரதியார் சில மாதம் ஆசிரியராயிருந்த பள்ளி அது.) சிறுமியோ தெருமண்ணில் விளையாடிக் கொண்டிருந்தாள். யாரோ வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சபையில் விட்டார்கள். தாய் பாடச் சொன்னார், மகள் பாடினாள். பயப்படவில்லையாம். அம்மா பக்கத்தில் இருக்கும்போது என்ன பயம்? 1926-ல், பத்து வயதில், முதல் இசைத்தட்டு. மகள் பாட, தாய் வீணை வாசித்தார். இருவரும் ஒரே தட்டில்.

இனிச் சொல்லவேண்டியது கசப்பான பகுதி. மறைத்துச் சொல்வதில் லாபமில்லை.

அவர்கள் பிறந்த குலத்துப் பெண்களுக்கு அக்காலத்தில் முறையான விவாகம் அரிது. செல்வந்தர் ஒருவருடைய ஆதரவே அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது வழக்கம். சண்முகவடிவு தாம் கண்ட வழியையே மகளுக்கும் காட்ட நினைத்தார். மகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. 1936-ல், இருபது வயதில், தாய்வீட்டை விட்டுத் தனியே சென்னைக்கு ரயிலேறி, டி. சதாசிவத்தின் உதவியை நாடினார். பின்னர், மனைவியை இழந்திருந்த அவரையே 1940-ல் விவாகம் செய்துகொண்டார். தாய்க்கும் மகளுக்கும் நடுவே உண்டான காயம் சாமானியமானதல்ல.

வாசகரே, உங்களிலும் சிலர் பெற்றவளோடு வழக்காடி வீட்டை விட்டுப் போயிருக்கலாம். கலியாண விஷயமாகவோ, சொத்து விஷயமாகவோ வருஷக்கணக்காய்ப் பேச்சை நிறுத்தியிருக்கலாம். நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். சுப்புலட்சுமியின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கௌரவமான இல்லறத்தை விரும்பியது குற்றமா? ஆனால் தாய் காட்டிய வழியை மறுத்த அந்த மகள், தாய் தந்ததை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தம் முதல் குரு யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் தாயைத்தான் சொன்னார். அந்தக் கண்டிப்பைப் பற்றிப் பேசும்போதும் குறையாகப் பேசவில்லை.

தாயின் பெயரை முன்னால் வைப்பது அக்குலத்தின் வழக்கந்தானே, அதில் நன்றி எங்கே வந்தது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மெய்தான், குழந்தைக்கு அந்த எழுத்தை வைத்தது வழக்கம். ஆனால் 1936-க்குப் பிறகு அதை எடுத்துப்போட யார் தடை? கலியாணமான பின் எத்தனை பெண்கள் தங்கள் முதலெழுத்தை மாற்றிக்கொள்கிறார்கள்! 'சகுந்தலை', 'மீரா' முதலிய படங்களிலும், இசைத்தட்டுகளிலும், கச்சேரி நோட்டீசுகளிலும் அந்த இரண்டு எழுத்தும் நின்றன. நாளடைவில் ஜனங்கள் அவரை 'எம்.எஸ்.' என்று மட்டுமே அழைக்கலானார்கள். அப்படி அழைத்தவர்களில் பாதிப்பேருக்காவது அது ஒரு தாயின் பெயர் என்று தெரிந்திருக்குமா?

தாய் 1960-களின் தொடக்கத்தில் காலமானார். 1966 அக்டோபர் 23-ந் தேதி நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் மகள் பாடினார். உடன் பாடியவர் ராதா. சதாசிவத்தின் முதல் மனைவி விட்டுச் சென்ற இரண்டு பெண்களில் மூத்தவர். எம்.எஸ். தமக்கென்று பிள்ளை பெறவில்லை; அந்த இருவரையும் தம் மக்களாகவே வளர்த்தார். சேதுபதி பள்ளியில் தாம் தாயின் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல, அன்று அவ்வளவு பெரிய சபையில் ராதா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

1998-ல் பாரத ரத்னா விருது வந்தது. அதற்கு முந்திய வருஷமே கணவர் காலமாகிவிட்டார், அதன்பின் எம்.எஸ். மேடை ஏறவில்லை. 2004 டிசம்பர் 11-ந் தேதி சென்னையில் உயிர் நீத்தார். மறுநாள் தேசமெங்கும் பத்திரிகைகள் அந்தச் செய்தியை அச்சிட்டன. எல்லாவற்றிலும் அவர் பெயருக்கு முன்னால், மேல அனுமந்தராயன் கோவில் தெருவில் வீணை வாசித்த சண்முகவடிவின் எழுத்து இருந்தது.